பழைய காரும் பதிவுப் புத்தகமும்

பெரம்பலூர், அரியலூர்ச் சீமையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் சரித்திரம் பேச வந்தால், கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைப் பற்றியோ, ரஞ்சன்குடிக் கோட்டையைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. அவற்றைப் பற்றிப் பேச வல்லவர்கள் பலர் இருக்கின்றனர். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு உயர்ந்ததன்று. ஆயினும், மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் நாளை கையாள வேண்டியிருப்பது. ஒருவர் ஓட்டிப் பழகிய காரை மற்றொருவர் விலைகொடுத்து வாங்குகிறாரே, அந்தப் பழைய கார் வாணிகத்தின் வரலாறே என் பொருள்.

பழைய காரைப் பற்றிப் பேசுமுன் மாட்டுச் சந்தையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் என்னைச் சந்தைக்கு அழைத்துச் செல்வார். அங்கே தரகர் தம் தோள்துண்டை எடுத்துக் கையின்மேல் போர்த்துக்கொள்வார். துண்டுக்குள்ளே முதலில் விற்பவருடைய விரலைப் பற்றுவார். பிறகு வாங்குபவருடைய விரலைப் பற்றுவார். எத்தனை விரல் என்றால் எவ்வளவு ரூபாய் என்பது அம்மூவருக்கும் தெரியும்; சுற்றி நிற்கும் கூட்டத்தாருக்குத் தெரியாது. பேரம் படிவதற்கு முன் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று கணக்கிட்டு வயதை அறிவார்கள். சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். விற்பவர்களுள் சிலரும் இலேசுப்பட்டவர்கள் அல்லர். கிழட்டு மாட்டின் கொம்பைச் சீவி, வண்ணம் பூசி, எண்ணெய் தடவி, இளங்காளை போல நிறுத்திவிடுவார்கள்.

இவ்வளவு சூது நடக்கக்கூடிய இடத்தில் வாணிகம் எப்படி நடந்தது? அடுத்த வாரமும் அதே சந்தையில் அதே முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற அச்சம் விற்பவருக்கு இருந்தது. அவர் ஊர் எது, அவர் உறவினர் யார் என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருந்தது. பழைய பொருளை வாங்குகிறவன் அப்பொருளோடு விற்கிறவனுடைய நாணயத்தையும் சேர்த்தே வாங்குகிறான். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், பழைய காரின் வரலாறு முழுவதும் தெளிவாகிவிடும்.

நம் மாகாணத்துக்கு மோட்டார் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். குதிரை வண்டிகள் கட்டிப் புகழ்பெற்றிருந்த சென்னை சிம்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-ஆம் ஆண்டில் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். 1912-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டினார். 1914-இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டது. வண்டிக்கு எண் கொடுத்துப் பதிவு செய்வதும், ஓட்டுபவருக்கு உரிமம் வழங்குவதும் அச்சட்டத்தால் நாடெங்கும் ஒரு முறைக்குள் வந்தன. மாட்டுக்கு இல்லாத ஒன்று மோட்டாருக்கு வாய்த்தது என்று அறிக. அதாவது, அரசாங்கப் பதிவேட்டில் ஒரு பெயர்.

அக்காலத்துப் பழைய வண்டி வாணிகத்துக்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டு ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்க்கையில் இருக்கிறது. கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த அவர், இளமையில் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவருடைய மோட்டார் சைக்கிளைக் கண்டு அதன்மேல் ஆசை கொண்டார். கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பணியாளாக வேலை செய்து பணம் சேர்த்து, அந்த அதிகாரியிடமிருந்தே அதனை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றிப் பார்த்தார், மீண்டும் பூட்டினார். அக்கல்வியே 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டவும், பின்னர் இருநூறுக்கு மேற்பட்ட பஸ்களைக் கொண்ட நிறுவனத்தை நடத்தவும் அவருக்கு அடிப்படையாயிற்று. புதிய வண்டி பழுதாகும்வரை அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. பழைய வண்டியோ வாங்கிய நாளிலிருந்தே பாடம் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டது. இருக்கும் வண்டியைக் கொண்டே காலந்தள்ள வேண்டிய நிலை வந்தது. கரியை எரித்து, அதிலிருந்து எழும் வாயுவால் எஞ்சினை இயக்கும் சாதனத்தை டி. வி. எஸ். நிறுவனத்தார் உருவாக்கி விற்றனர். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் வார்க்கும் தொழிற்சாலையையும் அவர்கள் நடத்தினர். இல்லாமை நம்மவரைச் செப்பம் செய்வதில் வல்லவர்கள் ஆக்கியது என்றால் மிகையாகாது. போர் தொடங்குவதற்கு முன்பே 1939-இல் இயற்றப்பட்ட புதிய மோட்டார் வாகனச் சட்டத்தில், சாலையில் அடிபடும் மூன்றாம் மனிதருக்காக வண்டிக்காரர் கட்டாயம் காப்பீடு செய்ய வேண்டும் என்ற விதியும் இடம்பெற்றது. அந்தப் பகுதி 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த மூன்றாம் மனிதரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரை இப்பேச்சின் இறுதியில் மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

விடுதலைக்குப் பின் உள்நாட்டுத் தொழிலை வளர்க்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் கொள்கையாயிற்று. 1953-இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, உறுப்புகளை இங்கேயே செய்யும் திட்டமுள்ள நிறுவனங்களுக்கே இடம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. வெளிநாட்டுப் பாகங்களை இங்கே பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அதையொட்டி வெளியேறின. சாலையில் எஞ்சியவை பெரும்பாலும் மூன்று வகைக் கார்களே. வங்காளத்து உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசடர் ஒன்று. பம்பாயில் செய்யப்பட்ட ஃபியட் ஒன்று. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஒன்று.

கார்கள் குறைவு, கேட்பவர்கள் மிகுதி. ஆகவே 1959-இல் மத்திய அரசு மோட்டார் கார்களின் பகிர்வையும் விற்பனையையும் கட்டுப்படுத்தும் ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. பணம் கட்டிப் பெயர் பதிந்து வரிசையில் காத்திருக்க வேண்டும். புதுக் காரைப் பெற்றவர் குறிப்பிட்ட காலத்துக்குள் அனுமதியின்றி அதனை விற்றலாகாது. காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. இதன் விளைவாகப் பொருளாதார நூல்களில் அரிதாகக் காணப்படும் ஒரு விந்தை நம் நாட்டில் நிகழ்ந்தது. உடனே கையில் கிடைக்கும் பழைய கார், ஆண்டுகள் கழித்துக் கிடைக்கப்போகும் புதிய காரின் அரசாங்க விலையைவிட அதிக விலைக்குப் போயிற்று! பொருளின் விலை அதன் புதுமையால் மட்டும் அமைவதில்லை; கிடைக்கும் காலத்தாலும் அமைகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

என் இளமையில் எங்கள் சிற்றூர்ப் பக்கம் கார் வந்தால் அது டாக்டருடையதாகவோ, அரிசி ஆலைக்காரருடையதாகவோ, டாக்சியாகவோ இருக்கும். பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்ணைப் பெரம்பலூர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல, நள்ளிரவில் டாக்சிக்காரரை எழுப்பிய காட்சியை நானே கண்டிருக்கிறேன். அந்த டாக்சி எத்தனையாவது கையோ, எவரும் கேட்டதில்லை. அது புறப்பட்டால் போதும் என்றிருந்தது. பெரம்பலூருக்கு அன்றும் இன்றும் ரயில் இல்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையே அவ்வூரின் உயிர்நாடி. ஆதலால் பழைய கார் எங்களுக்கு ஆடம்பரப் பொருளாக இருந்ததில்லை.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. 1991-இல் பொருளாதாரக் கொள்கை மாறியது. 1993-இல் கார் உற்பத்திக்கு உரிமம் பெற வேண்டும் என்ற கட்டுப்பாடு நீங்கியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய்க் கார்கள் புறப்பட்டன. புதுக் கார் எளிதாகக் கிடைக்கவே, பழைய காரின் விலை இறங்கி ஆசிரியர்களுக்கும் எட்டும் நிலைக்கு வந்தது. 1994-இல் நானும் ஒரு கார் வாங்கினேன். அது 1986-ஆம் ஆண்டு செய்யப்பட்ட பிரீமியர் பத்மினி. விலை 52,000 ரூபாய். விற்றவர் எனக்கு நெடுநாள் பழக்கமான மருத்துவர். விலையைப் பெற்றுக்கொண்டதோடு அவர் கடமை முடிந்ததென்று எண்ணவில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு என்னுடன் தாமே வந்து, வரிசையில் நின்று, பதிவுப் புத்தகத்தில் என் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே வீடு திரும்பினார். அப்போது அது எனக்கு வீண் சிரமமாகத் தோன்றியது.

இனிப் பராமரிப்பைச் சிறிது கூறுவேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த நிலம் அது; இன்றும் அங்கே கடலுயிர்களின் கல்லுருவங்கள் கிடைக்கின்றன. அச்சுண்ணாம்புக்கல்லை நம்பியே சிமெண்டு ஆலைகள் எழுந்தன. கல் ஏற்றிய லாரிகள் போகும் சாலையில் எழும் வெண்புழுதி காரின் காற்று வடிகட்டியில் படிந்து அடைத்துவிடும். அடைத்தால் எஞ்சினுக்கு மூச்சுத் திணறும்; பெட்ரோல் வீணாகும். வேற்றூரில் மாதக்கணக்கில் தாங்கும் வடிகட்டியை நான் வாரந்தோறும் கழற்றித் தட்ட வேண்டியிருந்தது. எந்த மண்ணில் ஓடுகிறதோ அந்த மண்ணுக்கேற்பவே வண்டியைப் பேண வேண்டும் என்பதை அப்புழுதி எனக்குக் கற்பித்தது.

என் பத்மினியைக் கவனித்துக்கொண்டவர் பட்டறை வைத்திருந்த ஒரு முதிய மெக்கானிக். காரின் நோயைப் புகையின் நிறத்தால் அறியலாம் என்பார். நீலப் புகை வந்தால் எஞ்சினுக்குள் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதியாக இறங்குகிறது. வெண்புகை நில்லாமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது. ஆயில் மூடியின் உட்புறத்தில் தயிர் போன்ற படிவு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பது பொருள். பேட்டரியில் வடிநீர், சக்கர அச்சுகளில் கிரீஸ், உரிய காலத்தில் ஆயில் மாற்றம் ஆகிய மூன்றையும் தவறாது செய்தால் பழைய வண்டியும் பேர்சொல்லும் என்பது அவருடைய உறுதி. அவர் சொற்படி நடந்தேன். ஒன்பது ஆண்டுகள் அக்கார் என்னைப் பள்ளிக்குக் கொண்டுசென்றது.

தெரிந்த மருத்துவரிடம் வாங்கினேன், தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினேன், ஆகவே தப்பினேன். தெரியாதவரிடம் வாங்குகிறவர் என் செய்வார்? இக்கேள்வியை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் என்பவர் ஆராய்ந்தார். 1967-68-இல் ஓராண்டு டில்லியில் தங்கியிருந்தவர் அவர். 1970-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் குறையுள்ள காரை எலுமிச்சம்பழம் என்பார்கள். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர், இது கெட்டதாகவும் இருக்கலாம் என்று எண்ணி விலையைக் குறைத்தே கேட்பார். அந்தக் குறைந்த விலைக்கு நல்ல காரை விற்க எவரும் முன்வரார். நல்ல கார்கள் சந்தையை விட்டு விலக, கெட்டவையே மிஞ்சும். ஒருவன் பொய்யால் ஏமாறுபவர் மட்டும் நட்டமடைவதில்லை. நேர்மையாக விற்க வந்தவரும் அவனால் நட்டமடைகிறார். சில பத்திரிகைகள் ஏற்க மறுத்த இக்கட்டுரையின் ஆசிரியருக்கே 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. எங்கள் மாட்டுத் தரகருக்கு இது புதிய செய்தியாக இருந்திராது. ஆனால் அதனைக் கணக்கால் நிறுவியது அவ்வறிஞரின் பெருமை.

அந்தத் தத்துவத்தை நான் கண்ணால் கண்டது 2016-இல். முந்தைய ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழையில் சென்னை வெள்ளக்காடாயிற்று. ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் மூழ்கின. அவற்றுள் பல, துடைத்து மெருகேற்றப்பட்டு, வெளியூர்களில் விலைக்கு வந்தன. அவ்வாண்டு நான் ஒரு கார் வாங்க எண்ணி, கன்சல்டிங் என்று நம் ஊர்களில் அழைக்கப்படும் பழைய கார் விற்பனை நிலையம் ஒன்றுக்குச் சென்றேன். புதிது போல் மின்னிய ஒரு காரைக் காட்டினார்கள்; விலையும் மலிவு. துணைக்கு என்னிடம் படித்த மாணவன் ஒருவனை அழைத்துச் சென்றிருந்தேன். கணக்கில் என்னிடம் பலமுறை திட்டு வாங்கியவன். இப்போது நல்ல மெக்கானிக்.

அவன் எஞ்சினைத் திறக்கவே இல்லை. முன் இருக்கையின் பெல்ட்டை அதன் கடைசி அங்குலம்வரை இழுத்தான். அடியில் ஒரு சாண் அளவுக்கு மங்கிய மண்நிறம் தெரிந்தது. கால்மிதிப் பாயைத் தூக்கி மோந்து பார்த்தான். இருக்கையைப் பிணைத்திருந்த போல்ட்டுகளைத் தடவிக் காட்டினான், துரு ஏறியிருந்தது. "சார், இது தண்ணியில நின்ன வண்டி. இன்னிக்கு ஓடும், ஆறு மாசத்துல ஒயரிங் ஒவ்வொண்ணா போகும். வேண்டாம் சார்" என்றான். காதோடு சொன்னான், விற்பவரை அவமதிக்கவும் இல்லை. கணக்குப் பாடத்தில் அவனுக்கு நான் கொடுத்த மதிப்பெண்களை நினைத்து அன்று சற்று வெட்கப்பட்டேன்.

இதுகாறும் வாங்குவதைப் பற்றிக் கூறினேன். விற்பதில் நான் செய்த பிழையைக் கூற, காலத்தில் சற்றுப் பின்னே போக வேண்டும். 2003-இல் என் பத்மினியை ஒரு தரகர் வழியாக விற்றேன். உரிமை மாற்றத்துக்கு 29-ஆம் படிவமும் 30-ஆம் படிவமும் தேவை. வாங்குபவர் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு, இரண்டிலும் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டேன். யார் பெயருக்கு மாற்றுகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. மாணவர்களின் விடைத்தாளில் பதிவெண் இல்லையென்றால் கடிந்துகொள்ளும் நான், என் பெயருக்கு எதிரே ஒரு வெற்றிடத்தை விட்டு வீடு திரும்பினேன். மருத்துவர் எனக்குச் செய்ததை நான் அடுத்தவருக்குச் செய்யவில்லை.

கார் ஒன்றரை ஆண்டில் இரண்டு கை மாறியது. பதிவுப் புத்தகத்தில் என் பெயர் மட்டும் மாறவில்லை. 2005-இல் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து எனக்கு அழைப்பாணை வந்தது. சைக்கிளில் பால் கொண்டுசென்ற ஒருவரை அக்கார் மோதிக் கால் முறிந்துவிட்டது. காப்பீடு காலாவதியாகியிருந்தது. கடைசியாக வண்டியை வைத்திருந்தவர் ஊரில் இல்லை. நான் விற்றுவிட்டேன் என்றேன். பதிவேடு விற்கவில்லை என்றது. சேமநல நிதியில் கடன் பெற்று 88,000 ரூபாய் கட்டினேன். என் மனைவி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவ்வாண்டு மகளின் திருமணப் பேச்சைத் தள்ளிவைத்தோம்.

மனக்குறை எனக்கு நெடுநாள் இருந்தது. ஒருநாள் அந்தப் பால்காரரைப் பார்க்கச் சென்றேன். திண்ணையில் காலை நீட்டி அமர்ந்திருந்தார். எழ முயன்றவரை அமர்த்தி, என் நிலையை எடுத்துச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "தப்பு உங்களது இல்லைன்னு தெரியும் சார். ஆனா அந்தப் புக்குல உங்க பேரும் இல்லேன்னா, நான் யாரைத் தேடிப் போயிருப்பேன்?" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

மாணவர்களே, அந்த எளிய மனிதர் கேட்ட கேள்விதான் சட்டத்தின் உட்பொருள். 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமையாளர் என்ற சொல்லுக்கு எழுதிய விளக்கம் பதிவேட்டுப் பெயரைக் குறிக்கவில்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மாற்றி, எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று வகுத்தது. 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதனை உறுதிப்படுத்தியது. அவ்வழக்கிலும் ஒரு கார் பெயர் மாற்றப்படாமலே பல கை மாறி, விபத்துக்குள்ளாகியிருந்தது. யார் யாருக்கு விற்றார் என்ற சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போகும் சுமையை அடிபட்டவர்மேல் ஏற்றலாகாது என்றும், பதிவேட்டில் பெயருள்ளவரே பொறுப்பு என்றும் நீதிமன்றம் கூறியது. நாளிதழில் அச்செய்தியைப் படித்தபோது எனக்குப் பால்காரர் நினைவே வந்தது. பழைய கார் வாணிகத்தில் விற்பவர், வாங்குபவர் என இருவரே இருப்பதாக எண்ணியிருந்தேன். சாலையில் சைக்கிள் மிதித்துக்கொண்டு மூன்றாமவர் ஒருவர் எப்போதும் வந்துகொண்டிருக்கிறார். அவருக்கு நம்மைத் தெரியாது; பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயர் ஒன்றே அவருக்குப் பிடிப்பு.

ஆகவே நடைமுறையில் சில விதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலத்துக்குள்ளே விற்றவர் 14 நாளுக்குள் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்ற, வாங்கியவர் 14 நாளுக்குள் கேட்க வேண்டும். காரின்மேல் கடன் இருந்து தீர்ந்திருந்தால், அதனைப் புத்தகத்திலிருந்து நீக்க 35-ஆம் படிவம் உண்டு. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியைத் திருத்திவிடலாம். தேய்ந்த மிதிகட்டையையும் வழுவழுப்பான ஸ்டியரிங்கையும் திருத்துவது கடினம். அவையே காரின் பல்! வெற்றுப் படிவத்தில் மட்டும் எக்காரணம் கொண்டும் கையெழுத்திடாதீர்கள்.

எங்கள் பகுதியின் எல்லைகளே பலமுறை கைமாறியவை. 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் சேர்ந்தது. 2007-இல் மறுபடியும் பிரிந்தது. இன்று பெரம்பலூர் வண்டிக்கு 46, அரியலூர் வண்டிக்கு 61 என்று எண்கள். மாவட்டமே மாறினாலும் எந்தெந்த ஊர் யார் பொறுப்பில் என்பதை அரசாங்கம் நாள் குறித்து எழுதி வைக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் விற்பனையாளர்களுக்கும் மத்திய அரசின் புதிய விதிகள் வந்துள்ளன. உரிய அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர், வண்டி தம் கைக்கு வந்ததை முறைப்படி அறிவித்ததும், அவரே அதன் உரிமையாளராகக் கருதப்படுவார். 2003-இல் அவ்விதி இருந்திருந்தால் என்று நான் எண்ணுவதுண்டு. ஆனால் அன்றிருந்த விதியையே நான் பின்பற்றவில்லையே!

முடிக்குமுன் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். 1956 நவம்பர் 23 அன்று, அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பாலத்தைக் கட்டியவரும் அல்லர், ரயிலை ஓட்டியவரும் அல்லர். ஆயினும் அத்துறை தம் பெயரில் இருந்தமையால் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அவரே பின்னாளில் பிரதமரானபோது, 12,000 ரூபாய் விலையுள்ள ஃபியட் காரை வாங்கக் கையிருப்புப் போதாமல், பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் பெற்றார். கடன் தீருமுன்னே, 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் காலமானார். எஞ்சிய கடனை அவர் மனைவியார் லலிதா சாஸ்திரி தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார் என்று அக்குடும்பத்தார் கூறியுள்ளனர். அந்தக் கார் இன்றும் டில்லியில் அவர் நினைவில்லத்தில் நிற்கிறது.

உங்களுள் சிலர் விரைவில் முதல் சம்பளத்தில் ஒரு பழைய வண்டி வாங்குவீர்கள். பின்னர் ஒருநாள் அதனை விற்பீர்கள். வாங்கும்போது பல்லைப் பாருங்கள். வைத்திருக்கும்போது புழுதியைத் துடையுங்கள். விற்கும்போது அந்த மருத்துவரைப் போல அலுவலகம்வரை உடன் சென்று, உங்கள் பெயர் நீங்கி அடுத்தவர் பெயர் ஏறியதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள்.